ஆட்டத்துக்குச் சலுகையா, வீட்டு நிலைக்குச் சலுகையா?

வாசகர் கேள்வி – பதில்

விளையாட்டில் தேர்ந்த பிள்ளையைக் கேரள எல்லைக்கு அப்பால் தமிழ்நாட்டிலுள்ள தனியார் பள்ளி இலவசமாக அழைத்தால் அனுப்பலாமா என்று ஒருவர் கேட்டதற்கு, ‘எதையும் எழுத்தில் வாங்கிக்கொண்டு அனுப்புங்கள்’ என்று சென்ற இதழில் ஒரே வரியில் பதில் சொல்லியிருந்தேன். அந்த ஒரு வரி போதாது என்பதைப் பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலூகாவிலிருந்தும் கோவிந்தாபுரம், மீனாட்சிபுரம் பக்கங்களிலிருந்தும் வந்திருக்கும் கடிதங்கள் காட்டுகின்றன. இதே எல்லைப்புறத்தில் 28 ஆண்டுகள் உடற்கல்வி ஆசிரியராக இருந்தவன் என்ற முறையில், இந்த இதழின் பக்கங்களை அந்தக் கடிதங்களுக்கே ஒதுக்குகிறேன்.

*

கேள்வி: ஐயா, நான் தென்னந்தோப்பில் வேலை செய்பவன். என் மகன் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் 8ஆம் வகுப்புப் படிக்கிறான். வாலிபால் நன்றாக ஆடுவான். பொள்ளாச்சிப் பக்கத்திலுள்ள ஒரு தனியார் பள்ளியின் பயிற்சியாளர் சென்ற மாதம் எங்கள் வீட்டுக்கே வந்தார். பையனைக் கதவு நிலையில் சாய்ந்து நிற்கச் சொல்லி உயரத்தைப் பென்சிலால் குறித்துப் பார்த்தார். கட்டணம் வேண்டாம், விடுதிக்கும் பணம் வேண்டாம், ஷூவும் நாங்களே வாங்கித் தருகிறோம் என்றார். அமெரிக்காவில் வேலை செய்யும் என் மைத்துனர் மகனிடம் இதைச் சொன்னபோது, ‘இங்கே இப்படி வீடு தேடிப் போய் அழைத்தால் பள்ளியையே தண்டித்துவிடுவார்கள், மாமா’ என்றான். ஏழைப் பிள்ளைக்கு உதவுவது எப்படிக் குற்றமாகும்? — ஒரு தந்தை, கொழிஞ்சாம்பாறை

பதில்: உங்கள் மைத்துனர் மகன் சொன்னது உண்மை. அமெரிக்காவில் பள்ளி விளையாட்டை அந்தந்த மாநிலத்துப் பள்ளிகள் சேர்ந்து அமைத்த சங்கங்கள் நடத்துகின்றன; அவற்றுக்குப் பொதுவான தேசியக் கூட்டமைப்பு 1920இல் தோன்றியது. தனியார் பள்ளிகள் தமக்குள் லீக் அமைத்துக்கொண்டு ஆடுவதும் உண்டு. சங்கத்துக்குச் சங்கம் விதிகளின் வாசகம் மாறினாலும், பெரும்பாலானவற்றில் இரண்டு விதிகளைப் பார்க்கலாம். விளையாட்டுக்காக ஒரு பிள்ளையைத் தன் பள்ளிக்கு வரும்படி பள்ளியைச் சேர்ந்த எவரும் வற்புறுத்தவோ ஆசை காட்டவோ கூடாது என்பது ஒன்று. கட்டணச் சலுகை கொடுப்பதானால் அதைக் குடும்பத்தின் பண நிலையைப் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும், பிள்ளையின் ஆட்டத்தைப் பார்த்துக் கொடுக்கக் கூடாது என்பது மற்றொன்று.

முதல் விதியை எவ்வளவு கண்டிப்பாக நடத்துகிறார்கள் என்பதற்கு டென்னசி மாநிலத்தில் நடந்ததைச் சொல்கிறேன். நாஷ்வில் நகரை ஒட்டியுள்ள பிரென்ட்வுட் அகாடமி என்ற தனியார் பள்ளியில், அந்நாட்டுக் கால்பந்தின் பயிற்சியாளராக இருந்தவர் 1997இல் 8ஆம் வகுப்புப் பையன்கள் சிலருக்கு ஒரு கடிதம் அனுப்பினார். அந்தப் பையன்கள் அடுத்த ஆண்டுக்கு அதே பள்ளியில் ஏற்கெனவே இடம் பெற்றிருந்தவர்கள். ஆனால் இன்னும் அங்கே வகுப்புக்குச் செல்லத் தொடங்கவில்லை. பயிற்சிக்கு வரலாம், உபகரணங்கள் கொடுப்போம், சீக்கிரம் சேர்ந்துகொள்வது உங்களுக்கு நல்லது என்று எழுதி, ‘உங்கள் பயிற்சியாளர்’ என்று கையெழுத்திட்டிருந்தார். மாநிலச் சங்கம் விசாரித்து, இதையும் வேறு சில மீறல்களையும் சேர்த்துத் தண்டனை விதித்தது: பள்ளியின் விளையாட்டுப் பிரிவுக்கு 4 ஆண்டு கண்காணிப்பு, கால்பந்து அணியும் ஆண்கள் கூடைப்பந்து அணியும் 2 ஆண்டுகளுக்கு இறுதிச் சுற்றுகளில் ஆடத் தடை, 3,000 டாலர் அபராதம். பள்ளி நீதிமன்றத்துக்குப் போனது. 10 ஆண்டுகள் நடந்த அந்த வழக்கில், சங்கத்தின் விதி பேச்சுரிமைக்கு எதிரானது அல்ல என்று 2007 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கூறியது.

ஒரு கடிதத்துக்கு இத்தனை பெரிய தண்டனையா என்று உங்களுக்குத் தோன்றும். முதலில் படித்தபோது எனக்கும் அப்படித்தான் தோன்றியது. நீதிமன்றம் சொன்ன காரணத்தைப் படித்த பிறகு என் எண்ணம் மாறியது. நடுநிலைப் பள்ளி வயதுப் பிள்ளையிடம் பெரியவர்கள் இப்படி வலிந்து பேசினால் அந்தப் பிள்ளையைப் பயன்படுத்திக்கொள்வதில் அது முடியலாம், பள்ளிகளுக்கு இடையிலான போட்டி கெடும், படிப்பைவிட ஆட்டம் பெரிது என்ற சூழல் உருவாகும் என்பதே அந்தக் காரணம். 13 வயதுப் பையனுக்குப் பயிற்சியாளர் என்பவர் சாதாரண மனிதர் அல்லர். அவர் வீட்டுக்கு வந்துபோன இரவில் உங்கள் மகன் சரியாகத் தூங்கியிருக்க மாட்டான்.

இரண்டாவது விதிதான் உங்கள் கேள்விக்கு நேரான பதில். அங்கே பல தனியார் பள்ளிகளில் சலுகை கேட்கும் பெற்றோர் தங்கள் வருமானம், சொத்து, கடன், வீட்டில் எத்தனை பிள்ளைகள் படிக்கிறார்கள் என்பன போன்ற விவரங்களைப் பள்ளிக்கு வெளியே உள்ள ஓர் அமைப்பிடம் கொடுக்க வேண்டும். இந்தக் குடும்பத்தால் ஆண்டுக்கு இவ்வளவு கட்ட முடியும் என்று அந்த அமைப்பு கணக்கிடும். கட்டணத்தில் அது போக மீதியுள்ள தொகைக்கு மேல் சலுகை தரக் கூடாது என்று லீக் விதி கட்டுப்படுத்தும். ஆடுகிற பிள்ளைக்கும் ஆடாத பிள்ளைக்கும் அதே அளவுகோல்தான். சலுகை பற்றிப் பயிற்சியாளர் வாக்குக் கொடுக்கக் கூடாது. பழைய மாணவர் ஒருவர் சத்தமில்லாமல் அணியின் நல்ல ஆட்டக்காரனுக்கு மட்டும் கட்டணம் கட்டினால் அதுவும் மீறலாகிவிடும். கல்லூரி அளவில் ஹார்வர்ட், யேல் முதலிய எட்டுப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்த ஐவி லீக், விளையாட்டுக்கென்று உதவித்தொகை கொடுப்பதில்லை என்று 1954இல் உடன்பாடு செய்துகொண்டு இன்றுவரை அப்படியே நடத்திவருகிறது. பள்ளி அளவில் இந்த விதிகளை மீறினால் வென்ற ஆட்டங்களைத் தோல்வியாக எழுதுவது, கோப்பையைத் திரும்ப வாங்குவது, பயிற்சியாளரை விலக்கிவைப்பது என்று தண்டனைகள் வரும்.

ஆகவே, உதவுவதை அங்கே எவரும் குற்றமாக்கவில்லை. உதவியை ஆட்டத்தோடு முடிச்சுப் போடுவதைத்தான் குற்றமாக்கியிருக்கிறார்கள். உங்கள் வீட்டுக்கு வந்தவர் பையனின் உயரத்தைக் கதவு நிலையில் குறித்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். தோப்பில் உங்களுக்கு என்ன கூலி, மழைக்காலத்தில் எத்தனை நாள் வேலை இருக்கும், வீட்டில் இன்னும் யார் படிக்கிறார்கள் என்று அவர் கேட்டாரா? கேட்டதாக உங்கள் கடிதத்தில் இல்லை. அவர் தர முன்வந்த சலுகை அந்தப் பென்சில் கோட்டுக்கு உரியது. கோடு எதிர்பார்த்த அளவுக்கு மேலே ஏறாவிட்டால், அல்லது தோளில் அடிபட்டால், உங்கள் வறுமை அப்படியே இருக்கும், சலுகை இருக்காது.

நம் நாட்டில் இப்படிப்பட்ட லீக் விதி உங்களைக் காக்க வராது. அதனால் அந்தக் காவலை நீங்களே எழுதி வாங்க வேண்டும். பள்ளியின் பெயர் அச்சிட்ட தாளில், முதல்வர் கையெழுத்தோடு, ‘இந்த மாணவனின் குடும்ப நிலையைக் கருதி 12ஆம் வகுப்பு முடியும்வரை கட்டணமும் விடுதிச் செலவும் தள்ளுபடி செய்யப்படுகின்றன, அவன் விளையாடினாலும் விளையாட முடியாமல் போனாலும் இது தொடரும்’ என்று எழுதித் தரச் சொல்லுங்கள். தந்தால் நல்ல பள்ளி. தயங்கினால் அந்தத் தயக்கத்தையே பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள். பயிற்சியாளரின் வாய்மொழியை நம்ப வேண்டாம். அவர் நல்லவராகவே இருக்கலாம், ஆனால் அடுத்த ஆண்டு அவரே வேறு பள்ளிக்குப் போய்விடலாம்.

*

கேள்வி: நான் எல்லையோரப் பள்ளி ஒன்றில் உடற்கல்வி ஆசிரியர். 5ஆம் வகுப்பிலிருந்து நான் ஓடவைத்து, குதிக்கவைத்து, தேறவைத்த பிள்ளைகளை உபஜில்லா (கல்வி உள்மாவட்ட) மீட்டில் வேலியோரம் நின்று பார்க்கிறவர்கள் அடுத்த ஜூனில் அழைத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். பிறகு அந்தப் பிள்ளையின் படம் அவர்கள் பள்ளி வாசலில் ஃபிளெக்ஸாகத் தொங்குகிறது. இங்கும் தடை விதி வர வேண்டாமா, மாஷே (ஆசிரியரே)? — வேலந்தாவளம்

பதில்: உங்கள் வலி எனக்குப் புதிதல்ல. ஜூன், ஜூலையில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும்போது சர்வீஸ் பந்து கோட்டுக்கு வெளியே போய் விழும். அந்தக் காற்றுக்கு எதிராகவே சர்வீஸ் போடப் பழகிய ஐந்து பையன்கள் ஒரு காலத்தில் என்னிடம் இருந்தார்கள். ஒரே கோடையில் மூவர் போனார்கள். மீதி இருவருக்கும் சேர்ந்து ஆட அணியே இல்லாமல் போயிற்று. மூவர் போனதைப் பற்றித்தான் எல்லோரும் பேசினார்கள். மீதியான இருவரைப் பற்றி எவரும் பேசவில்லை என்பது இன்றும் எனக்கு மனக்குறை.

இருந்தாலும் விதி வேண்டும் என்று சொல்லும்போது, அதன் அடி யார் மேல் விழும் என்பதைப் பார்க்க வேண்டும். அமெரிக்காவின் பல மாநிலங்களில், வீடு மாறாமல் பள்ளியை மட்டும் மாற்றிய பிள்ளை ஓராண்டு முதன்மை அணியில் ஆடக் கூடாது என்ற விதி இருந்துவந்திருக்கிறது. இதை நான் ஏற்கமாட்டேன். 17 வயதுக்கு உட்பட்டோர் பிரிவில் ஆடும் பிள்ளைக்கு ஓராண்டு என்பது மிகப் பெரிய காலம். அழைத்தவர் பெரியவர், கையெழுத்திட்டவர் பெரியவர், உட்காரவைக்கப்படுபவர் மட்டும் பிள்ளையா?

கேரளத்தில் அண்மையில் நடந்ததையே எடுத்துக்கொள்ளுங்கள். 2024 நவம்பரில் எர்ணாகுளத்தில் நடந்த மாநிலப் பள்ளிக் காயிக மேளாவில் (விளையாட்டு விழாவில்), அரசின் விளையாட்டுப் பள்ளியையும் பொதுப் பள்ளிகளின் வரிசையில் சேர்த்துப் பரிசு கொடுத்ததை எதிர்த்து, மேடையின் முன்னாலேயே போராட்டம் நடந்தது. அதில் ஈடுபட்டதாக இரண்டு பள்ளிகளை அடுத்த மேளாவுக்கு வர வேண்டாம் என்று கல்வித் துறை விலக்கிவைத்து, பின்னர் அந்தத் தடையை நீக்கிக்கொண்டது. நீக்கியது சரியான செயல். தடை நின்றிருந்தால், அந்த மேடைக்கு அருகில்கூடப் போகாத 7ஆம் வகுப்புப் பிள்ளையின் ஓர் ஆண்டு வீணாகியிருக்கும்.

அந்தத் தகராறின் அடியில் இருந்த கேள்வி மட்டும் நியாயமானது: பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்துச் சேர்க்கும் பள்ளியும், ஊர்ப் பிள்ளைகளை வந்தபடி சேர்க்கும் பள்ளியும் ஒரே பட்டியலில் நிற்கலாமா? டென்னசி சங்கம் இதற்கு 1997இல் ஒரு வழி கண்டது. பண உதவி பெறும் மாணவர்களை ஆடவைக்கும் தனியார் பள்ளிகளை இரண்டாம் பிரிவு என்று தனியே வைத்துவிட்டது. உதவி கொடுங்கள், ஆனால் உங்களைப் போன்றவர்களோடு ஆடுங்கள் என்பது அதன் பொருள். பிள்ளையைத் தொடாத விதி இது. பரிசுப் பட்டியலைப் பிரித்தால் போதும், பிள்ளையின் காலைக் கட்ட வேண்டியதில்லை. கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் விளையாட்டு விடுதி உள்ள பள்ளிகளுக்குத் தனிப் பட்டியல் வைக்கக் கேட்பதுதான் உங்கள் சங்கம் எடுக்க வேண்டிய கோரிக்கை என்று நினைக்கிறேன்.

இன்னொன்றையும் கேளுங்கள். தொழில்முறைக் கால்பந்தில் ஓர் ஆட்டக்காரர் பணத்துக்கு ஒரு நாட்டுக் கழகத்திலிருந்து வேறு நாட்டுக் கழகத்துக்கு மாறும்போது, அந்தத் தொகையில் 5 சதவீதத்தை அவரை 12 வயது முதல் 23 வயது வரை பயிற்றுவித்த கழகங்களுக்குப் பங்கிட வேண்டும் என்று ஃபிஃபா விதி வைத்திருக்கிறது. வளர்த்தவருக்கும் பங்கு உண்டு என்பதை உலகமே ஏற்றுக்கொண்டிருக்கும்போது, மாநிலப் போட்டியின் சான்றிதழில் ‘முதலில் பயிற்றுவித்த பள்ளி’ என்று ஒரு வரி அச்சிட அரசுக்கு என்ன செலவு? பணம் வேண்டாம், அந்த ஒரு வரி போதும். முண்டூர்ப் பள்ளியில் பயிற்சி பெற்று வளர்ந்த பி.யு.சித்ரா 2017இல் புவனேஸ்வரத்தில் 1500 மீட்டரில் ஆசியத் தங்கம் வென்றபோது, பாலக்காட்டில் உடற்கல்வி ஆசிரியர்கள் எல்லோரும் தாங்களே வென்றதுபோல் நடந்தோம். ஊர்ப் பள்ளியின் மைதானத்திலிருந்து அவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்கு அது கண்ணெதிரே உள்ள சாட்சி. விட்டுவிடாதீர்கள், மாஷே.

*

கேள்வி: என் மகள் 400 மீட்டர் ஓடுவாள். 6ஆம் வகுப்பில் கோவைப் பக்கத்துத் தனியார் பள்ளி ஒன்று இலவசம் என்று சேர்த்துக்கொண்டது. இப்போது 8ஆம் வகுப்பு. முழங்காலில் தசைநார் கிழிந்து, நீண்ட நாள் ஓடக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். இந்த ஆண்டுக் கட்டணத்தைக் கட்டச் சொல்கிறார்கள்; ஊருக்கே அழைத்துக்கொள்கிறேன் என்றால், கொடுத்த சலுகையை எல்லாம் திருப்பிக் கட்டினால்தான் டி.சி. என்கிறார்கள். சேர்க்கும்போது ஒரு பத்திரத்தில் நானும் மகளும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். என்ன செய்வது, அண்ணா? — ஒரு தாய், மீனாட்சிபுரம்

பதில்: அம்மா, முதலில் பயத்தை விடுங்கள். உங்கள் மகள் 8ஆம் வகுப்பில் இருப்பது இந்த நேரத்தில் ஒரு பலம். 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 8ஆம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கானது. மாநிலத்துக்கு உள்ளேயோ வெளியேயோ அரசுப் பள்ளிக்கோ அரசு உதவி பெறும் பள்ளிக்கோ மாறும் உரிமை பிள்ளைக்கு உண்டு என்றும், அப்படிக் கேட்டால் தலைமையாசிரியர் மாற்றுச் சான்றிதழை உடனே தர வேண்டும் என்றும் அதன் 5ஆம் பிரிவு சொல்கிறது. சான்றிதழ் வரத் தாமதமாகிறது என்பதைக் காட்டிப் புதிய பள்ளி சேர்க்கையைத் தள்ளிப்போடவோ மறுக்கவோ கூடாது என்றும் அதே பிரிவில் இருக்கிறது. எனவே டி.சி.க்காகக் காத்திராமல் உங்கள் ஊருக்கு அருகிலுள்ள அரசுப் பள்ளிக்கு நாளையே மகளை அழைத்துக்கொண்டு போங்கள். அங்கே தயங்கினால் இந்தச் சட்டப் பிரிவைக் காட்டுங்கள். பழைய பள்ளிக்கு டி.சி. கேட்டு எழுத்தில் விண்ணப்பம் கொடுத்து, அதன் நகலில் பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்தையும் தேதியையும் வாங்கிவையுங்கள். அவர்கள் வாங்க மறுத்தால், சேர்ந்ததற்கான அத்தாட்சி கிடைக்கும்படி விரைவுத் தபாலில் அனுப்புங்கள்.

பத்திரத்தைப் பற்றி: மகளின் கையெழுத்துக்குச் சட்டத்தில் மதிப்பில்லை. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி 18 வயது நிறையாதவர் ஒப்பந்தம் செய்யத் தகுதியற்றவர். அப்படிச் செய்த ஒப்பந்தம் செல்லவே செல்லாது என்று, அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் 1903இல் கூறியது இன்றும் நிற்கிறது. உங்கள் கையெழுத்தின் நிலை வேறு. அதை ஒரு வழக்கறிஞர் படித்துப் பார்க்க வேண்டும். ஆனாலும் பத்திரத்தில் எழுதிய தொகையை அப்படியே கறந்துவிட முடியாது. நியாயமான இழப்பீட்டுக்கு மேல் கேட்க முடியாது என்று அதே சட்டத்தின் 74ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. வழக்கறிஞருக்குப் பணம் இல்லையே என்று கலங்க வேண்டாம். 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் வருமானம் எவ்வளவு என்று பாராமல் இலவசச் சட்ட உதவி உண்டு. தாலூகா நீதிமன்றத்தில் உள்ள சட்டப் பணிகள் குழுவிடம் பத்திரத்தின் நகலோடு போனால் போதும்.

உங்கள் கடிதத்தைப் படித்தபோது பல ஆண்டுகளுக்கு முன் என்னிடம் படித்துவிட்டுப் போன ஒரு பெண் நினைவுக்கு வந்தாள். ஒரு மாலை, பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக எங்கள் மைதானத்துக்கு நொண்டியபடி வந்தாள். முழங்காலில் மண்ணேறிய க்ரேப் பேண்டேஜ், கையில் ஒரு துணிப்பை. பைக்குள் ஸ்பைக் ஷூ இருந்தது. ஒரு ஷூவுக்குள் நான்காக மடித்த தாள். பிரித்துப் பார்த்தேன்: ‘தங்கள் மகளுக்கு வழங்கப்பட்டுவந்த கட்டணச் சலுகை நடப்புப் பருவத்திலிருந்து நிறுத்தப்படுகிறது’ என்று தட்டச்சு செய்திருந்தது. காரணம் என்று ஒரு சொல்கூட இல்லை. அப்பாவிடம் காட்டப் பயந்து ஷூவுக்குள் வைத்துக்கொண்டு வந்திருக்கிறாள். ‘சார், நான் ஓடினால் திரும்பக் கொடுப்பார்களா?’ என்று கேட்டாள். அந்த வயதில் அவளுக்கு அது தன் தவறாகப் பட்டது. அன்று எனக்கு இந்தச் சட்டப் பிரிவுகள் எதுவும் தெரியாது. அவளுக்காக எதுவும் செய்ய முடியாமல் போனது. உங்கள் மகளிடம் இன்றே ஒரு தடவையாவது சொல்லுங்கள்: இதில் அவள் செய்த தவறு எதுவும் இல்லை.

*

கேள்வி: ஏழைப் பிள்ளை நல்ல பள்ளிக்குள் நுழைய விளையாட்டு ஒன்றுதான் வாசல். அமெரிக்கர்கள் அந்த வாசலை மூடுகிறார்கள். பணம் உள்ளவன் தன் மகனுக்குத் தனிப் பயிற்சியாளர் வைத்து, கட்டணம் கட்டி, எந்தப் பள்ளியிலும் ஆடவைக்கலாம். அவனைக் கேட்பார் இல்லை. இந்த விதியை நீங்கள் பாராட்டுவது சரியா, ஐயா? — கல்லூரி மாணவி, சித்தூர்

பதில்: உங்கள் கேள்வியில் பாதி முழுவதும் சரி. பணம் உள்ளவர் விரும்பிய பள்ளியின் பக்கத்துத் தெருவுக்கே வீட்டை மாற்றிக்கொள்வார். எந்த விதியும் அவரைத் தொடாது. வருமானக் கணக்கையும் வளைக்க முடியும். மாதச் சம்பளக்காரரின் வருமானம் கண்ணாடிபோல் தெரியும். சொந்தத் தொழில் செய்பவரின் வருமானம் அவர் காட்டும் அளவுக்குத்தான் தெரியும். சங்கங்களே தவறு செய்தால் யார் கேட்பது என்ற கேள்வியும் அங்கே எழுந்தது. நான் மேலே சொன்ன டென்னசி வழக்கிலேயே, சங்கத்தின் உறுப்பினர்களில் 84 சதவீதம் அரசுப் பள்ளிகள் என்பதால் அதன் செயலை அரசின் செயலாகவே கருதி அரசியல் சட்டத்துக்கு உட்பட்டு ஆராயலாம் என்று 2001இல் உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. தண்டிக்கும் அதிகாரம் உள்ள அமைப்பு, தானும் பதில் சொல்லக் கடமைப்பட்டது என்பதால் அந்தத் தீர்ப்பை நான் மதிக்கிறேன்.

மற்றப் பாதியில் உங்களோடு மாறுபடுகிறேன். குடும்ப நிலையைப் பார்த்துச் சலுகை கொடு என்று விதி சொல்லும்போது ஏழைப் பிள்ளைக்கு வாசல் மூடவில்லை. அவனுக்குத்தான் அதிகச் சலுகை கிடைக்கும். வசதியான வீட்டுப் பையனுக்கு, ஆறடி உயரம் என்பதற்காக, முழு இலவசம் கொடுப்பது மட்டுமே தடுக்கப்படுகிறது. ஒரு பள்ளியிடம் சலுகைக்கென்று இருக்கும் பணம் அளவுள்ளது. முதல் கேள்வி கேட்ட தந்தை வேலை செய்யும் தோப்பிலேயே இன்னொரு தொழிலாளியின் மகள் கணக்கில் புலியாக இருக்கலாம். அவளைத் தேடி எந்தப் பள்ளியும் அளவு நாடாவோடு வருவதில்லை. வாசல் விளையாட்டு ஒன்றுதான் என்று நீங்கள் எழுதியதை நான் வருத்தத்தோடு ஒப்புக்கொள்கிறேன். அது ஒன்றாக மட்டும் இருப்பதைத்தான் மாற்ற வேண்டும்.

*

கேள்வி: மகனைச் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லும் பள்ளி, பிறந்த தேதியை ஓராண்டு தள்ளிப் போட்டு வேறு சான்றிதழ் வாங்கிவரச் சொல்கிறது. இதெல்லாம் நடப்பதுதான் என்கிறார்கள். — கோவிந்தாபுரம்

பதில்: செய்யாதீர்கள். அந்தப் பள்ளியே வேண்டாம். வயது மோசடியைத் தடுக்க மத்திய விளையாட்டு அமைச்சகம் 2010இலேயே தேசிய நெறிமுறை வகுத்திருக்கிறது; மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பின் வளர்ச்சியைப் பார்த்து வயதை மதிப்பிடும் சோதனையும் நடைமுறையில் உள்ளது. பிடிபடும் நாளில் பள்ளி கைகழுவிவிடும்; பெயர் கெடுவது உங்கள் மகனுக்கு. பொய்ச் சான்றிதழ் வாங்கிய குற்றமும் உங்கள் தலையில் விழும்.

*

கடைசிக் கேள்வி தனிக் கடிதமாக வரவில்லை. கொழிஞ்சாம்பாறைத் தந்தையின் கடிதத்தைத் திருப்பியபோது பின்பக்கத்தில் பென்சிலால் எழுதியிருந்தது: ‘சார், அப்பாவுக்குத் தெரியாமல் எழுதுகிறேன். எங்கள் பள்ளியில் நெட் கிழிந்துவிட்டது. அங்கே இரவில் லைட் போட்டு ஆடுவார்களாம். நான் போகட்டுமா?’

பதில்: தம்பி, உன் கையெழுத்து அழகாக இருக்கிறது. அப்பாவுக்குத் தெரியாமல் எழுதியதை அச்சில் போடலாமா என்று யோசித்தேன். நல்ல கேள்வி என்பதால் போடுகிறேன். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

விளக்கு வெளிச்சத்தில் ஆட ஆசைப்படுவதில் தவறே இல்லை. உன் வயதில் எனக்கும் அந்த ஆசை இருந்தது. போவதானால் சிலவற்றை நீயே போய்ப் பார்த்துவிட்டு வா. அப்பாவோடு ஒரு வேலைநாளில் அந்தப் பள்ளிக்குப் போய், விடுதியில் உன்னைப் போல் சேர்ந்த 11ஆம் வகுப்பு அண்ணன்களைப் பார். காலையில் எத்தனை மணிக்கு எழுப்புகிறார்கள், பயிற்சிக்குப் பிறகு வகுப்பில் கண் சொக்குகிறதா, தேர்வு நாட்களில் மேட்ச் வைத்தால் என்ன செய்கிறார்கள், காலில் அடிபட்ட அண்ணன் யாராவது இன்னும் அங்கே படிக்கிறாரா என்று கேள். கடைசிக் கேள்வியை மறக்காதே. தமிழ்நாட்டுப் பள்ளியில் சேர்ந்தால் பள்ளிப் போட்டிகளில் தமிழ்நாட்டுக்காகத்தான் ஆடுவாய், கேரள அணியில் இடமிருக்காது என்பதையும் தெரிந்துகொள். அப்பா கேட்கப்போகும் அந்தத் தாள் வந்தால் போ. வராவிட்டால் இந்த ஆண்டு இங்கேயே ஆடு. நெட் விஷயமாக உன் பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் கழகத்துக்கு நான் இன்றே ஒரு கடிதம் எழுதுகிறேன்.

போவதென்று முடிவானால், டி.சி. வாங்கும் நாளில் அலுவலகத்தோடு திரும்பிவிடாமல் மைதானத்துக்குப் போய் உன் பி.டி. மாஷிடம் நீயே நேரில் சொல்லிவிட்டுப் போ.